இரண்டு கிலோ இருநூறு

ஏழாவது கோழியும் போன அன்று
அதன் கழுத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
இரண்டு துளைகள்,
சாக்குத் தைக்கும் ஊசி போனதுபோல்.
தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"குவிஞா. உறிஞ்சிவிட்டுப் போயிருக்கிறது" என்றார் எலெயுத்தேரியோ,
என் கணவரின் அண்ணன்,
எதையும் பார்க்காமலே அறிந்தவர்.
"வீட்டோரமாய் அது நடந்தால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும், ஓர்பெலினா."
சிலோயே தீவில் எங்கள் வீட்டோரமாய்
எல்லாமும்தான் நடக்கிறது,
மழையைத் தவிர.
மழை நடப்பதில்லை. குடியிருக்கிறது.

கூண்டுக்கும் காட்டுக்கும் நடுவே
நாற்பது அடி வெறும் புல்.
திறந்த வெளியில் அது வராது.
ஓடை வழியே வரும்,
கன்றுக்குட்டி ஒதுங்கி நிற்கும் அகலத்தில்
நல்கா இலைகள் கவிந்த ஓடை.
அதைத் தாண்டினால் கீலா மூங்கில்:
ஆள் நுழைந்தால் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பும்.
அதையும் தாண்டினால் பாசி தொங்கும் பெருமரங்கள்,
பகல் பன்னிரண்டுக்கும் அந்திதான்.
அங்கே சுகாவோ கத்தும்.
வலப்பக்கம் கத்தினால் போகலாம்,
இடப்பக்கம் கத்தினால் திரும்பிவிட வேண்டும்.
அன்று விடியலில் இரண்டு பக்கமும் சத்தமில்லை.
சகுனம் சொல்லும் பறவையையே
யாரோ தின்றுவிட்டிருந்தார்கள் போல.

ஆப்பிள் பெட்டியில் பொறி வைத்துவிட்டு
எலெயுத்தேரியோ சால்மன் ஆலைக்குப் போயிருந்தார், இரவு வேலைக்கு.
நான் தடி எடுத்துப் போனேன்.
லூமா மரம். போலீஸ்காரர்கள் லத்தி செய்யும் மரம்.

விளக்கைத் தூக்கினேன்.
பெட்டிக்குள் ஒன்றுமில்லை.
ஒரு மூலையில் மட்டும்
இருட்டு கொஞ்சம் கூடுதலாய் இருந்தது.
அந்த இருட்டு
என்னைப் பார்த்துச் சீறியது.

விளக்கைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது,
கறுப்புக்குள் கறுப்பாய்ப் புள்ளிகள்,
துக்கத்துக்கு உடுத்தும் துணியில்
அதே நிற நூலால் யாரோ பூ வேலை செய்ததுபோல்.
வட்டக் காதுகள்.
உடம்பில் பாதி நீளம் வால், பருத்து, அடர்ந்து.
பாதங்கள் மட்டும் அளவு தப்பியிருந்தன,
அண்ணனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்ட பையன் போல.
மரம் ஏறும் கால்கள்.

இவ்வளவுதானா?
என் வெள்ளைக் கோழியே இதைவிடப் பெரியது.
சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று
தடியைச் சாய்த்துவிட்டுச் சாக்கை எடுத்தேன்.
பெட்டியிலிருந்து சாக்குக்கு மாற்றிய அந்த ஒரு நொடியில்
என் கட்டைவிரல் அதன் வாய்க்குள் இருந்தது.

காஸ்த்ரோ சந்தைக்குப் பூண்டு கொண்டுபோகும்போது
நான் எடுத்துப்போகும் கொக்கித் தராசு.
முள் நிற்கவில்லை,
இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே துடித்தது.
பிறகு
அது மூச்சைப் பிடித்ததோ நான் பிடித்தேனோ,
நின்றது.
இரண்டு கிலோ இருநூறு.
சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும்.
கழிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் விரலைப் பார்த்தேன்.
இரண்டு துளைகள்,
சாக்குத் தைக்கும் ஊசி போனதுபோல்.
ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
யாரும் உறிஞ்சவில்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.
பல் அவ்வளவு மெல்லியது;
குத்திய வழியைத் தோலே மூடிக்கொண்டது.
உள்ளே மட்டும்
எலும்புவரை கொதித்தது.

சாக்கின் வாயைக் கட்டினேனா?
கட்டினேன் என்றுதான் எலெயுத்தேரியோவிடம் சொன்னேன்.
ஓடையோரம் சாக்கைக் கிடத்திவிட்டு
கை கழுவக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது ஒரே ஒரு நல்கா இலை
ஆடிக்கொண்டிருந்தது, காற்றில்லாமல்.

மதியம் கூண்டைச் சுற்றித் தடவினேன்.
பின்பலகையின் அடியில்
என் முஷ்டி நுழையும் ஒரு சந்து.
தகரம் வைத்து ஆறு ஆணி அடித்தேன், இடது கையால்.
இரண்டு ஆணி வளைந்தது.

நான்காம் நாள் காட்டோரம் விறகு பொறுக்கும்போது
சுகாவோ கத்தியது,
நன்றாகவே இடப்பக்கம்.
நான் திரும்பவில்லை.
விறகு பாதிதான் சேர்ந்திருந்தது.