பெருவிரல் அளவு

நிந்தவூர் வட்டையில் அறுவடை மெசின் போய்
வைக்கோல் கட்டுகள் கிடக்கிற மாதம்.
அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் என் கடை பூட்டு.

ஒரு நுனியைக் கணுக்காலில் கொளுவி
மறு காலை நாணுக்குள்ளே போட்டு
தொடையால் நெட்டி வளைத்தால்
நாண் தன் பள்ளத்தில் போய் உட்காரும்.
கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி
ஒரு முட்டியும் நிமிர்ந்த பெருவிரலும்.
அளவுநாடா தேவையில்லை; ஆனாலும் பிடித்துப் பார்ப்பேன்,
தையல்காரி இல்லையா.

அம்பு குந்தும் இடத்தில்
பொத்தான் நூலால் பதினாறு சுற்று.
பெருவிரலுக்குத் தோல் வளையம்,
பழைய செருப்பு வாரில் வெட்டியது.
நாணைப் பெருவிரலால் கொளுவி, சுட்டுவிரலால் பூட்டி
காது வரைக்கும்.
விடுவதற்கென்று ஒரு வேலையும் இல்லை,
விரல் மறந்துபோக வேண்டும்.

மறக்கவில்லை.
நாண் இடது கையின் உட்புறம் அறைந்தது,
மூன்று நாளாய், அதே இடம்.

அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்த ஜெஸீமா
என் கை நீலத்தைப் பார்த்தாள்.
கதவைப் பார்த்தாள்.
"அவரா?" என்றாள், மிகச் சின்னதாய்.
"நாண் அடிச்சது. வில்லு நாண்.
முழங்கையைத் திருப்ப மறந்திட்டன்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
கை நீளம் எடுக்கும்போது
மணிக்கட்டுக்கு மேலே துணியை
உயர்த்த விடவில்லை.

முப்பத்தெட்டு, பதினாலு, இருபத்திரண்டு
என்று எழுதினேன்.
பிறகு நாடாவைச் சுருட்டாமல்
"பெருவிரலைக் காட்டு" என்றேன்.