அறுபத்து மூன்றாவது புள்ளி

கப்பலூர் சிட்கோவில் எங்கள் ஷெட்.
ஒரு முனையில் நின்று கூப்பிட்டால்
மறுமுனையில் கிரைண்டர்தான் பதில் சொல்லும்.
நடுவில் கிடக்கிறது
கிரேன் பாலத்துக்கான சட்டம், இருபத்தெட்டு மீட்டர்.
பார்ட்டி கேட்டிருப்பது
இரண்டு மில்லிக்குள்.

கோயம்புத்தூர் லேசர்க் கருவியின் நாள் வாடகையை
முதலாளி துவாரகாநாத் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார்.
சைபர் எதுவும் குறையவில்லை.

"நீ என்னமோ கேமரான்னு சொன்னியே,
அதைச் செய்."

பழைய கேமரா ஆறு வாங்கினேன்.
சிம்மக்கல் பிளெக்ஸ் கடையில்
காதுகுத்து பேனர்களுக்கு இடையே அடித்துத் தந்தார்கள்,
கருப்பில் வெள்ளை வட்டம், அறுபத்திரண்டு.
"ஒரு மூஞ்சிகூட இல்லாம பேனரா மேடம்?"
அளவுக்கென்று ஒரே ஒரு தடி;
காசு கொட்டியது அதன் சான்றிதழுக்கு மட்டும்.

ஒட்டினோம். எடுத்தோம்.
லேப்டாப் முனகி முனகிக் கணக்கிட்டு
அறுபத்து மூன்று என்றது.

எண்ணிப் பார்த்தேன். சட்டத்தில் அறுபத்திரண்டுதான்.
மற்றதெல்லாம் ஆணியடித்த மாதிரி நிற்க
அந்த ஒன்று மட்டும்
படத்துக்குப் படம் முன்னும் பின்னும்
மூன்று மில்லி.
கேமராவைச் சந்தேகித்தேன், தரையைச் சந்தேகித்தேன்,
ரிங் ரோட்டில் போகும் லாரிகளை,
கடைசியில் என் படிப்பை.

பெரிதாக்கிப் பார்த்தால்
ஒச்சப்பன்.
மாலை போட்டு ஒன்பதாம் நாள்.
கருப்புச் சட்டை, வெள்ளைப் பித்தான்,
வெல்டிங் ராடு கையில் ஆடாமல் இருக்க
அவர் மெதுவாக இழுத்து விட்ட மூச்சு.

சிரித்து முடித்து
விடியலில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை
சட்டத்தையே அளந்தேன்.
ஒன்பது டிகிரி ஏறியதில்
அதுவும் நீண்டிருந்தது,
கிட்டத்தட்ட அதே மூன்று மில்லி.
சத்தமில்லாமல், யாரிடமும் கேட்காமல்.
வெயிலைக் கழித்துப் பார்த்தேன்:
ஒன்று புள்ளி நான்கு. பாஸ்.

ஒச்சப்பனிடம் திரையைக் காட்டினேன்.
வெகுநேரம் தன் பித்தானையே பார்த்தவர்,
"உசிலம்பட்டிக்கு ஒரு நாள் கொண்டாங்க சாமி.
வடக்குச் சுவர் சாயுதுன்னு சொன்னா
வீட்ல நம்ப மாட்டேங்குறாங்க."

அறிக்கையில் அறுபத்திரண்டு என்றே எழுதினேன்.
பிடிஎஃப் போய்விட்டது, பணமும் பாதி வந்துவிட்டது.

மூலக் கோப்பில்
கடைசி வரியை மட்டும் அழிக்கவில்லை.
மூன்று எண்கள்,
தசமத்துக்குப் பின் மூன்று இடம் வரை
ஒச்சப்பன்.