இரைச்சல் நீக்கம்

இர்மெலி கொண்டுவந்தது ஒரு பால் கூடை.
உள்ளே பதினான்கு வீடியோ கேசட்டுகள்.
முதுகில் பென்சில் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து:
நடுக்கோடை 91.
மர்குஸ் பனிச்சறுக்கு, விழுந்தான்.
மீன், பனி, மீன்.
ஒன்றில் மட்டும்: ஒன்றுமில்லை.

கெமியில் பிப்ரவரி. கதவு திறந்தால்
முதலில் வருவது குளிர், பிறகுதான் ஆள்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்,
"எல்லாம் ஒரு பென்டிரைவில் அடங்குமா?"
அடங்கும் என்றேன். இடம் மிச்சமும் இருக்கும் என்றேன்.
அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம்.
இதில் குறுக்குவழி கிடையாது.
அவர்கள் வாழ்ந்த வேகத்திலேயே
நானும் பார்த்தாக வேண்டும்.
பார்த்தேன்:
கம்பு மாவு அப்பிய கையால் முகத்தை மறைக்கும் இர்மெலி,
ஏரிக்கரையில் ஈரத் துண்டு, ஒற்றைச் செருப்பு,
மெழுகுவர்த்தியை மூன்றாம் முறையும் ஊதத் தவறும் பையன்.

தைஸ்தோ எந்தக் காட்சியிலும் இல்லை.
கேமரா அவனுடையது.
பேச்சும் அவனுக்கு அதிகமில்லை.
பதினான்கு கேசட்டிலும் சேர்த்து நாற்பது சொல் தேறலாம்,
அதில் பாதி நாயின் பெயர்.

படத்தைத் துலக்கினேன். நிறத்தைச் சரிசெய்தேன்.
ஒலியையும் துப்புரவு செய்தேன்:
நாடாவின் சீறல், குளிர்பெட்டியின் முனகல்,
காற்று, இருமல்,
மென்பொருள் பட்டியல் போட்டுக் காட்டிய எல்லாம்.
ஒரே சொடுக்கு.
மூலப் பதிவை அன்றிரவே அழித்தேன்,
வட்டில் இடம் போதவில்லை.

நான்காம் நாள் திரும்பி வந்தாள்.
"அவன் எங்கே?"
ஏதோ காட்சி விட்டுப்போயிற்று என்று நினைத்து
ஒவ்வொரு கோப்பாகத் திறந்து காட்டினேன்.
அவள் திரையைப் பார்க்கவே இல்லை.
"இருபத்தாறு வருஷம் காகித ஆலை.
முதலில் இருமுவான், உடனே படம் நடுங்கும்.
நடுக்கத்தை விட்டுவிட்டீர்கள்.
இருமலை எடுத்துவிட்டீர்கள்."

பதின்மூன்று நாடாக்கள் மறுபடி ஓடின, மறுக்காமல்.
கடைசி ஒன்று ஏற்கெனவே
கருவியின் தலையில் பழுப்புத் தூளாக உதிர்ந்திருந்தது.
இன்னும் ஒரே ஒரு முறை ஓடலாம் என்றேன்,
அதற்கும் உத்தரவாதமில்லை.
"ஓட்டுங்கள். நானும் உட்காருகிறேன்."

ஒன்றுமில்லை என்று அவன் எழுதியது சரிதான்.
அணைக்க மறந்து மேசைமேல் வைத்த கேமரா.
மேசைவிரிப்பின் ஓரம். பாதி ஜன்னல்.
வானொலியில் கடல் வானிலை.
இருமல் கிட்டே வருகிறது, அடுப்பருகே போகிறது,
கரண்டி கோப்பையில் இரண்டு சுற்று.
ஒரு முறை, முழங்கை வரை, நீலக் கம்பளிச் சட்டை
ஜன்னலைக் கடக்கிறது.
அவ்வளவுதான் அவன்.
பிறகு உள்ளறையிலிருந்து இர்மெலியின் குரல்,
இளமையாக, சலிப்பாக:
"கொஞ்சம் இருமாமல் இரேன், பிள்ளை தூங்குகிறான்."

அதற்கப்புறம் பதினோரு நிமிடம்
அவன் இருமவில்லை.
அடக்கிக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்
வலது கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.
நாடா அறுந்தபோது நாங்கள் இருவருமே எழவில்லை.

"இதற்கும் அதே விலைதானா?" என்றாள்.
அதே விலை என்றேன். வேறு என்ன சொல்வது.
பால் கூடையை வேண்டாமென்று விட்டுப்போனாள்,
இப்போது அதில் ஒயர்கள் கிடக்கின்றன.

அவளுக்கு ஒரு நகல். மகனுக்கு ஒன்று, பெர்த் நகரத்துக்கு.
மூன்றாவது என் வட்டில் இருக்கிறது.
அதற்கு நான் அனுமதி கேட்கவில்லை.
இடம் உண்டாக்க
என்னுடையது எதையோ அழித்தேன்,
எது என்று
இப்போது ஞாபகமில்லை.