மங்கல் வளையம்

பின்னிரவு மூன்று மணி. ஹாம்பர்க்கில் மழை.
கற்றை நமக்கு ஏழு வரைதான் என்கிறாள் டோர்ட்டே
வாயில் பாதி ரொட்டியோடு.

முதலில் வெறும் குழாயை அளந்தோம்,
பிறகு காற்றை.
கழிக்க வேண்டியவைதாம் முந்திக்கொண்டு வருகின்றன.

உப்பு, பந்தியில் உட்கார்ந்த கூட்டம்:
ஓர் இலையைப் பார்த்தால்
கடைசி இலை எங்கே என்று சொல்லிவிடலாம்.
எக்ஸ் கதிர் பட்டதும் புள்ளி புள்ளியாய்ப் பதில்.

கண்ணாடித்தூளுக்கோ
திரையில் ஒரே ஒரு மங்கல் வளையம்,
ஈர டம்ளரை எடுத்த பின்
மேசையில் நிற்குமே, அது.

கணக்கைப் புரட்டிப் போட்டோம்.
தன்னைச் சுற்றிய நான்கு ஆக்ஸிஜன்களை
சிலிக்கனுக்கு நன்றாகத் தெரிகிறது,
தூரம் பிசகாமல்.
அடுத்த சிலிக்கனை ஏறக்குறைய.
அதற்கும் அப்பால்
சின்னச் சின்ன அலை, பிறகு
தரையோடு தரையாய்க் கோடு.

இந்தத் தூள்
டோர்ட்டே குடியிருக்கும் கட்டடத்தின்
படிக்கட்டு ஜன்னல். போன வாரம் உடைந்தது.
பதினோரு வருஷமாய் அங்கே இருக்கிறாள்.
எதிர்வீட்டு ஹென்னிங்குக்கு எந்த முழங்காலில் வலி
என்றுகூடச் சொல்வாள்.

யார் உடைத்தது?
மூன்றாம் மாடியாக இருக்கும், என்கிறாள்.
மூன்றாம் மாடியில் யார்?

உதட்டைப் பிதுக்கிவிட்டு
வெறும் குழாயை
இன்னொரு முறை மாட்டுகிறாள்.