எவ்வளவு

பெரியாஸ்பத்திரிச் சீட்டில்
கொழுப்பு இருநூற்று நாற்பத்தெட்டு என்றிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மாட்டுத்தாவணியில் மூட்டைக்கு ஒரு ரூபாய்
கூடக் கேட்ட அன்றைக்கே
கமிஷன் கடைக்காரர் சொல்லிவிட்டார்,
ஊசி இல்லாமல், ரத்தம் எடுக்காமல்:
"அழகுமலைக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு."

பத்தியம் சொல்லும் அறையில்
கண்ணாடி போட்ட சின்னப் பெண்.
"எந்த எண்ணெயில சமைக்கிறீங்க?"
இருளாயி முந்திக்கொண்டாள்:
"கடலெண்ணெய்ம்மா."
பின்னால் வரிசை நின்றிருந்தது.
கடலெண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள்.
சரி என்றோம்.
வீட்டில் இல்லாததைக் குறைப்பது சுலபம்.

அவனியாபுரத்து ஞாயிற்றுக்கிழமைக் கடையில்
கறி வாங்குகிறவர்கள் வேண்டாமென்று தள்ளும் வெள்ளையை
இருளாயி கேட்டு வாங்குவாள்.
பொடிசாக அரிந்து
அரைத் தம்ளர் தண்ணீர் விட்டு
அடுப்பைச் சிம்மில் வைத்தால்
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை,
பிறகு பேச்சே இல்லை.
துண்டுகள் சிவந்து சுருங்கி மிதக்கும்.
என் பழைய வேட்டியில் வடித்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினால்
விடிவதற்குள் உறைந்திருக்கும்.
மதுரையில் எந்த வெள்ளைக்கும் மல்லிகையைச் சொல்வார்கள்,
இதற்கு மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஒரு கரண்டி விட்டு
முருங்கைக்கீரை வதக்கினால்
பழைய சோறு எழுந்து உட்காரும்.

மூன்று மாதம் கழித்து
இருநூற்று ஐம்பத்தொன்று.
அதே பெண், அதே கேள்வி.
இந்தத் தடவை நான் சொன்னேன்:
"பன்னிநெய்."
இருளாயி மின்விசிறியைப் பார்த்தாள்.
பேனா நின்றது.
'ஐயே' வரும் என்று காத்திருந்தேன்.
"எவ்வளவு?" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயது எனக்கு.
இதையா என்று கேட்டிருக்கிறார்கள்,
எப்படித்தான் தொண்டையில் இறங்குதோ என்று
வாடகைக்கு வீடு பார்த்த தெருவில் கேட்டிருக்கிறார்கள்.
எவ்வளவு என்று
ஒருவரும் கேட்டதில்லை.
பதில் தெரியாமல் விழித்தேன்.

"பசுநெய் மாதிரித்தான் இதுவும்.
ரெண்டையும் கம்மியாத்தான் சாப்பிடணும்."
சொல்லிவிட்டு
நெய் என்று அச்சடித்த கட்டத்திலேயே
எங்களுடையதையும் எழுதினாள்.

இப்போது
இருமல் மருந்து மூடியில் அளக்கிறாள் இருளாயி.
ஐந்து என்ற கோடு வரைக்கும்,
வாரத்தில் ரெண்டு நாள்.
மற்ற நாளுக்குச் செக்கில் வாங்கிய அரைலிட்டர்
கடலெண்ணெய்.
அவள் சொன்ன பொய்
காசு கொடுத்து உண்மையானது.
கீரை முன்னைப்போல் இல்லை. தின்கிறேன்.

அடுத்த ரத்தம் ஆடியில்.
அதுவரை மூட்டைக்கு அந்த ஒரு ரூபாயை
தினமும் கேட்பேன்.
அதைக் குறைக்கச் சொல்லி
சீட்டில் எதுவும் எழுதவில்லை.