வகை பதினான்கு

முசஃபா, மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு தயிர் டப்பா.
அதற்குப் பக்கத்து நாற்காலி
பெர்பெத்துவா ரொட்ரிகோவுடையது.
காலேஜில் என் பெஞ்ச்.

இருபது வருஷமாய் எந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவள்.
"கற்றுக்கொடுக்கிறேன்னு சொல்லாதே," என்பாள்.
"கிளிக்குக்கூடப் பசி இருக்கு.
இதுக்கு என்ன இருக்கு?"

கேம்ப் ஆட்களின் புகார் கேட்க
ஐந்து மொழியில் ஒரு குரல் செய்தோம்.
சம்பளப் பாக்கி, வகை இரண்டு.
பாஸ்போர்ட், வகை ஐந்து.
எது சொன்னாலும் முதல் பதில்,
"உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது."
அந்த வாக்கியத்தை எழுதியதே அவள்தான்.
அதை யாரிடமும் மறைத்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, பன்னிரண்டு ஐம்பதுக்கு,
சாரம் கட்டும் ஒச்சப்பன் கூப்பிட்டார்.
புகார் எதுவும் சொல்லவில்லை.
இருமினார். பின்னால் யாரோ பல் தேய்க்கும் சத்தம்.
பிறகு கேட்டார்:
"சாப்டாச்சா?"

எந்திரம் யோசித்தது என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.
அவள் அடித்துவிட்டு 'கணக்கிட்டது' என்றாக்கினாள்.
கணக்கிட்டது: வகை பதினான்கு, உணவு.
நிச்சயம், தொண்ணூற்றேழு சதவீதம்.
மறுநாள் மெஸ்ஸுக்கு இன்ஸ்பெக்டர் போனார்,
பருப்பை மோந்து பார்த்தார்,
சமையல்காரரிடம் கையெழுத்து வாங்கினார்.
புகார் தீர்க்கப்பட்டது.

சிரித்தோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.
அவளும் சிரித்து முடித்து
கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தபடி சொன்னாள்:
"வகை தப்புன்னு திருத்திடாதே.
பதினஞ்சாவதா ஒண்ணு போட்டு
நலம் விசாரிப்புன்னு பேர் வைப்பே.
'ஆச்சு, நீங்க?'ன்னு பதில் சொல்லவைப்பே.
அது இதைவிடப் பெரிய பொய்.
சோறு இறங்காத தொண்டை
சாப்டாச்சுன்னு சொல்லக் கூடாது."

மேலிடத்துக்குப் பதினோரு பக்கம் எழுதினாள்.
ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது.
வியாழக்கிழமை அவளே உட்கார்ந்து
'புரிகிறது' என்பதை எடுத்துவிட்டு
'பதிவு செய்துகொண்டேன்' என்று போட்டாள்.

ஒச்சப்பன் அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டார்.
இரண்டாம் தடவை,
"முன்னாடி புரியுதுன்னு சொல்லுவீங்களே,
இப்ப என்ன, கோவமா?"

அந்தப் பதிவை அவள் எத்தனை முறை கேட்டாளோ.
ஹெட்போனைக் கழற்றியபோது காது சிவந்திருந்தது.
நம்பர் இருக்கா, என்றாள்.
தரக் கூடாது என்பது விதி.
தந்தேன்.

பால்கனியில் இரவு பத்துக்கும் அனல்.
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்
அவள் பேசுகிற பாதி மட்டும் கேட்டது:
"இல்லண்ணே, மிஷின் இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"நெசமாத்தான்."
அப்புறம் மறுபடியும்
முதலில் சொன்னதையே.