இரண்டு கண்ணுக்கும் ஒரே வாடகை

எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்கிறீர்கள்.
முதலில் கதவை இன்னொருமுறை இழுத்துச் சாத்துங்கள்,
அது ஒரே அறையில் மூடாது.

டக்கார் கடலுக்குள் நீட்டிய மூக்கு.
ஒரு பக்கம் முளைக்கும், மறுபக்கம் விழும்.
நடுவில் ஆகிற பெட்ரோல்தான் என் கவலை.

காலையென்றால் ஆன் விரிகுடா.
டிசம்பரில் ஏழரைக்கு, தண்ணீரிலிருந்தே எழும்பும்.
ஜூனில் ஏழுக்கு முன்பே,
ஆனால் தியாரோய்க் கூரைகளுக்குப் பின்னாலிருந்து,
யாரோ காயப்போட்ட துணியைத் தாண்டித்தான் வரும்.
நாற்றமடிக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.
படகைத் தோளால் முட்டிக் கரையேற்றுகிறவர்கள்
முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்;
ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
மீன் கூடைகளுக்கு நடுவே செய்னபு என்று ஒருத்தி
பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைப்பாள்.
தெறிக்கிற சில்லுகளில் ஒரு நொடி நெருப்புப் பிடிக்கும்.
அதைப் பாருங்கள்.
சூரியனை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

மாலையென்றால் உவாக்காம்,
பள்ளிவாசலுக்குக் கீழே, படியிறங்கி.
ஜூலையில் ஏழு நாற்பது.
அதே கணக்கில் டிசம்பரில் போனால்
இருட்டுக்குத்தான் வாடகை கொடுப்பீர்கள்.
பிப்ரவரி வேண்டாம்.
பாலைவனம் பறந்து வந்து வானத்தில் உட்கார்ந்திருக்கும்,
கடலைத் தொடுமுன்னே காணாமல் போகும்
மோருக்குள் விழுந்த காசு போல.

நோன்பு மாதத்தில் வாருங்கள்.
ஊரே கையில் பேரீச்சம்பழத்தோடு
மேற்கே பார்த்து நிற்கும்.
அவ்வளவு பேர், அவ்வளவு பசியோடு
ஒரு சூரியனை வழியனுப்புவதை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.
வேறெங்கும் போனதுமில்லை, அது வேறு கதை.

இருபத்தாறு வருஷம்
காலையில் ருஃபிஸ்க் பக்கம் ஓட்டினேன், எதிரே அது.
மாலையில் அல்மாதி பக்கம், மறுபடி எதிரே அது.
வெயில் மறைக்கும் பலகை முதல் வருஷமே உடைந்துவிட்டது.
கண்ணைச் சுருக்கிச் சுருக்கி
முகமே ஒரு மடிப்பாயிற்று.

ஏறியவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன்:
எங்கள் ஊர் அந்திக்கு அத்தாயாத் தேநீரின் நிறம்,
முதல் ஊற்று, கசக்கிற ஊற்று.
இந்த நிறம் உலகத்தில் இங்கே மட்டும்தான்.
அவர்களும் கடலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்,
தலையாட்டினார்கள்.
மரியாதை தெரிந்தவர்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் டாக்டர் ரமட்டா சிலா
வலது கண் புரையை எடுத்தார்.
கட்டவிழ்த்ததும் முதலில் தெரிந்தது அவருடைய கோட்டு.
வெள்ளை.
மஞ்சள் கலக்காத வெள்ளை.

வண்டி ஓட்டலாம் என்று சொன்ன அன்றே
உவாக்காம் போனேன், சவாரி இல்லாமல்.
இடது கண்ணை மூடினேன்.
நீலம், வெட்கமில்லாத நீலம்.
அதற்கு மேலே ஒரு ரோஜா, இன்னும் மேலே ஓர் ஊதா.
இத்தனை வருஷம் இவையெல்லாம்
எங்கே சாப்பிட்டு எங்கே தூங்கின?
வலது கண்ணை மூடினேன்.
தேநீர்.

ஆக, என் கண்ணில் படிந்த அழுக்கைத்தான்
இருபத்தாறு வருஷம்
பேரம் பேசி விற்றிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

இடது கண்ணுக்கும் நாள் குறித்தாயிற்று,
தபாஸ்கி முடிந்து வருகிற வியாழன்.
வீட்டில் சொன்னேன்.
மீன் செதில் ஒட்டிய கையை இடுப்பில் துடைத்தபடி
செய்னபு கேட்டாள்:
"அந்தப் பழைய கண்ணில் நான் எப்படி இருக்கிறேன்?"
மூடி மூடித் திறந்து பார்த்தேன்.
"புதியதில் நரை தெரிகிறது.
பழையதில் பொன் பூசினமாதிரி இருக்கிறாய்."
"அப்படியென்றால் அதை விட்டுவிடு" என்றாள்,
திரும்பவும் சுத்தியலை எடுத்தாள்.

இன்னும் முடிவு செய்யவில்லை.
நீங்கள் முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள்:
காலையா, மாலையா?
இரண்டுமென்றால் பன்னிரண்டாயிரம்.
சரி, பத்து.
நடுவில் வருகிற பகல் முழுக்க
பின்சீட்டில் தூங்கிக்கொள்ளலாம்.

கதவு இன்னும் மூடவில்லை, பாருங்கள்.
கொஞ்சம் தூக்கி இழுங்கள்.